பட்டி பார்த்த முகம்

சென்னை,
8-1-1996

நங்கைக்கு,

அண்ணனிடம் போனில் பேசினேன். "உங்க நங்கைக்கே எழுதிக் கேட்டுக்க கண்ணு, இப்ப ஃபினிஷிங், டெஸ்பாச் எல்லாம் அவதான் பாக்கறா" என்றார். அண்ணனோடு அண்ணி நீங்களும் பவுண்டரிக்குப் போக ஆரம்பித்தது எனக்குத் தெரியாது.

லாரி பார்சலில் ஒரு சிலை வரும். நான் பிளாஸ்டரில் செய்தது. உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், அவள் மடியில் ஒரு சின்னப் பெண். கிரேக்க நாட்டுப் பழங்கதையில் வரும் நியோபி என்ற தாய் அவள். பம்புக்கு நீங்கள் வார்க்கிற அதே இரும்பில் அவளை வார்த்துத் தர வேண்டும். இங்கே வெண்கலம் வார்க்க ஆள் இருக்கிறது. இரும்பு என்றால் கையை விரிக்கிறார்கள்.

மார்ச் கடைசி வாரம் கண்காட்சி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகவே காலம் போய்விட்டது. என் பேரில் ஒரு கண்காட்சி என்று நடப்பது இதுதான் முதல் தடவை. அதனால் தேதி தவறக்கூடாது.

மாதிரி எப்படி இருக்கிறதோ அப்படியே வார்த்தால் போதும். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

ரித்திகா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

பத்மாவதி


கோயமுத்தூர்,
21-1-1996

அம்மணி பத்மாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். அங்கே எப்படி என்பதை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய். சரி, அதாவது எழுதினாயே.

பொங்கல் நெருக்கடியில் லாரி சேலத்திலேயே நின்றுவிட்டது. முந்தாநாள்தான் வந்து இறங்கியது. வைக்கோலைப் பிரித்ததும் மோல்டிங்கில் இருந்தவர்கள் எல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். ஃபினிஷிங் மேஸ்திரி மயில்சாமி, "இது எந்த ஊருச் சாமிங்க?" என்று கேட்டான். சாமி இல்லை, ஒரு தாய் என்றேன். மறுநாள் பார்த்தால் மடியில் ஒரு செவ்வந்திப்பூ இருந்தது. வைத்தது யார் என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நல்லதுதான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் எதற்குப் பவுண்டரிக்குப் போகிறேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, அலைய முடியவில்லை. எனக்கு ஊட்டில் என்ன, பிள்ளையா குட்டியா? ஒரு குழம்பு வைத்து இறக்கினால் பொழுது நகர மாட்டேன் என்கிறது. இங்கே வந்தால் சண்டை போட நாற்பது பேர் இருக்கிறார்கள்.

இனி, நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். போனில் கேட்கலாம் என்றால் உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எஸ்.டி.டி. மீட்டர் வேறு ஓடும். உன் பெரியவள் போனதற்கு அப்புறம் ஐந்து வருசமாக நீ இந்த வாசப்படியை மிதிக்கவில்லை. சின்னவளை நான் கடைசியாகப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு வயசு. இன்றைக்கு எதிரில் வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. என் மேல் உனக்கு என்ன அம்மணி? எதுவாக இருந்தாலும் எழுது. கேட்டுக்கொள்கிறேன்.

முத்தாத்தாள்


சென்னை,
1-2-1996

நங்கைக்கு,

உங்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

வேலை, பள்ளிக்கூடம், வீடு என்று நேரம் சரியாக இருக்கிறது. நான் ரித்திகாவை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை, அவளைக் கூட்டிக்கொண்டும் எங்கும் போவதில்லை. அவளை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்திருக்கிறேன். அவள் வகுப்பு ஜன்னல் என் டிராயிங் ஹாலிலிருந்து தெரியும். போன மாதம் வண்டலூருக்கு எல்லாக் குழந்தைகளையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். இவளை நான் அனுப்பவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் பேசிவிட்டாள்.

மோல்டு எடுத்தாகிவிட்டதா என்று எழுதுங்கள்.

பத்மாவதி


கோயமுத்தூர்,
25-2-1996

அம்மணி பத்மாவுக்கு,

ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். எப்படி எழுதினால் ஏதோ இருக்கிறது என்று தெரியுமோ அப்படி எழுதியிருந்தாய். போகட்டும், சந்தோஷ சமாசாரத்துக்கு வருகிறேன்.

உன் நியோபியம்மா வார்த்து முடிந்து, ஃபினிஷிங்கும் முடிந்து, எங்கள் ஷெட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ மனசு கஷ்டப்படுவாய் என்று முன்னமே எழுதாத ஒன்றை இப்போது சொல்கிறேன். லாரிக்காரன் உருட்டிய உருட்டில் உன் மாதிரியின் முகம் கெட்டுப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் தாடை வரைக்கும் ஒரே குழி குழியாக இருந்தது. வார்த்த பிறகு பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி அப்படியே வந்துவிட்டது.

எங்கள் பவுண்டரியிலிருந்து ஓட்டை உள்ள வார்ப்பு ஒன்றுகூட இதுவரைக்கும் வெளியே போனதில்லை. கடைக்காரன் திருப்பி அனுப்பினான் என்ற பேச்சே கிடையாது. அப்படி இருக்க, நம் ஊட்டுப் பிள்ளை செய்த சிலையை ஓட்டையோடு அனுப்புவேனா? மயில்சாமியை உட்கார வைத்து, நானும் கூட உட்கார்ந்து, ஒவ்வொரு குழியாகப் பட்டி வைத்து அடைத்து, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கினோம். மேலே ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அதற்கு மேல் நம் பம்புக்கு அடிக்கிற பச்சை இரண்டு கோட்டு. இனி நூறு வருசம் ஆனாலும் துரு அண்டாது. முன்னே அழுது வடிந்துகொண்டிருந்தாள். இப்போது பார், எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள்.

பதில் வந்ததும் லாரி ஏற்றிவிடுகிறேன்.

முத்தாத்தாள்


சென்னை,
2-3-1996

நங்கைக்கு,

போட்டோ வந்தது. பார்த்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

லாரிக்காரன் ஒன்றும் செய்யவில்லை. அவை ஓட்டைகளும் இல்லை. அது கண்ணீர். ஆணியை வைத்து ஒவ்வொரு குழியாக நானே குத்தினேன். இரும்பில் வார்த்து வெளியே மழையில் வைத்தால் குழிகளில் தண்ணீர் தேங்கும். துரு பிடிக்கும். அந்தத் துரு கன்னத்தில் கோடு கோடாக இறங்கும். வெண்கலம் அப்படி அழாது. அதற்காகத்தான் இரும்பு வேண்டும் என்று உங்களிடம் வந்தேன்.

அவள் யார் என்று நான் முதலிலேயே விவரமாக எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன். நியோபி ஒரு ராணி. ஏழு ஆண், ஏழு பெண் பெற்றவள். லீட்டோ என்ற தெய்வத்துக்கு ஊரே பூசை செய்யும்போது, "ரெண்டே பிள்ளை பெத்தவளுக்கா பூசை? பதினாலு பெத்த நான் இருக்கேன்" என்று பேசிவிட்டாள். லீட்டோ தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்பினாள். அவர்கள் வில்லும் அம்புமாக வந்து நியோபியின் பிள்ளைகளை வரிசையாகக் கொன்றார்கள். கடைசியாக மிஞ்சின சின்னப் பெண்ணை நியோபி தன் துணிக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு, இந்த ஒன்றையாவது விட்டுவிடு என்று கெஞ்சினாள். விடவில்லை. அழுது அழுது அவள் கல்லாகிப் போனாள். கல்லான பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

அந்தக் கண்ணீரைத்தான் பட்டி வைத்து அடைத்துவிட்டீர்கள். அடைத்தது போதாதென்று பம்புப் பெயிண்டும் அடித்திருக்கிறீர்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம் என்று நான் எழுதினேனா இல்லையா? சொன்னதைச் சொன்னபடி செய்கிற வழக்கமே நம் வீட்டில் கிடையாதா?

கண்காட்சிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

பத்மாவதி


கோயமுத்தூர்,
9-3-1996

பத்மாவுக்கு,

வேண்டாம் என்று எழுதினாய், வாஸ்தவம். ஊட்டுக்கு ஒறம்பரை வந்து உட்கார்ந்து "காப்பியெல்லாம் வேண்டாங்க" என்றால் நாம் காப்பி போடாமலா அனுப்புகிறோம்? நீ ஐந்து வருசம் கழித்து ஒரு காரியம் கேட்டாய். வேறெதுவும் வேண்டாம் என்பதை நான் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் செய்து அனுப்பினால் உனக்கு மனசு இளகும் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

அது இருக்கட்டும். நீ எழுதின கதையைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். எனக்கு நியோபி புரிந்தாள். அந்த இன்னொருத்தியும் புரிந்தாள். நிறையப் பெற்றவளைப் பார்த்து வயிறெரிந்து, அவள் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனவள். அவளாவது இரண்டு பெற்றாள். நான் ஒன்றும் பெறாதவள். இப்படி ஒரு சிலையைச் செய்து, அதை வார்க்க என் பவுண்டரிக்கே அனுப்பியிருக்கிறாய். எனக்குப் புரியாது என்று நினைத்தாயா?

பெரியவள் தவறின மாசம் நீ இங்கே வந்திருந்தாய். துக்கம் கேட்க ஒறம்பரை கூடியிருந்தார்கள். அதற்கு முந்தின லீவில் நான் பிள்ளைக்குப் பூச்சடை பின்னி, பட்டுப்பாவாடை கட்டி, ஸ்டுடியோவில் கொண்டுபோய் போட்டோ எடுத்திருந்தேன். அது சுவரில் மாட்டியிருந்தது. உன் பெரியத்தை அதைப் பார்த்துவிட்டு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்கறது செரிதான். மலடி சோடிச்சுப் பாத்துப்போட்டா பிள்ளை நிக்குமா?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதனால் பெரியத்தையை நான் விட்டுவிட்டேன். ஆனால் நீ அங்கேதான், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குப் போனாய், அப்புறம் வரவே இல்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன். என் கண் பட்டுத்தான் பிள்ளை போனது என்று நீயும் நினைக்கிறாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. மழுப்பாதே. உன் பதில் கைக்கு வருகிற வரைக்கும் சிலை லாரி ஏறாது. கண்காட்சி நடந்தாலும் சரி, நின்றாலும் சரி.

முத்தாத்தாள்


சென்னை,
13-3-1996

நங்கைக்கு,

இல்லை.

மூளைக்காய்ச்சல். கொசுவினாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். அந்த மழையில் எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எங்களுடையது மட்டும் திரும்பி வரவில்லை. அந்த மூன்று பேருக்கும் நீங்கள் பூச்சடை பின்னவில்லை.

பெரியத்தை சொன்னது என் காதில் விழுந்திருக்கலாம். வீடு தீப்பிடித்துவிட்டது என்று யாராவது வந்து சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அப்படியேதான் நின்றிருப்பேன். என்ன கேட்டது, யார் வந்தார்கள் என்று ஒன்றும் எனக்கு நினைவில்லை. நீங்கள் இத்தனை வருடம் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு நினைவிருப்பது வேறு. நான் புறப்பட்ட அன்று சுவரில் அந்தப் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது. நீங்கள்தான் கழற்றினீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதற்கப்புறம் அண்ணன் போன் செய்தால் மழை பெய்ததா என்று கேட்பார், மின்வெட்டு பற்றிப் பேசுவார். ஒரு தடவை நான் அவள் பேரைச் சொன்னேன். "அதையெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். உங்கள் கடிதத்திலும் பெரியவள், பிள்ளை என்றுதான் இருக்கிறது. அவள் ஒருத்தி இருந்தாள் என்பதையே நீங்கள் எல்லாரும் சேர்ந்து துடைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மரியாதையாக, என் மனசு நோகக்கூடாது என்று, நன்றாகத் துடைத்துவிட்டீர்கள். அந்த வீட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும்?

அந்தச் சிலையில் லீட்டோ எங்கேயும் இல்லை, நங்கை. நான் அவளை நினைக்கவே இல்லை. நான் செய்தது அந்தக் கையைத்தான். மடியில் இருக்கிற பிள்ளையை அமுக்கிப் பிடித்திருக்கிற கை. கண்ணாடியில் என் கையைப் பார்த்துத்தான் செய்தேன்.

சிலையைப் பச்சையாகவே அனுப்புங்கள். பரவாயில்லை.

பத்மா


கோயமுத்தூர்,
20-3-1996

கண்ணு பத்மாவுக்கு,

லோகப்பிரியா. லோகப்பிரியா. லோகப்பிரியா. போதுமா? இன்னும் எழுதச் சொன்னால் இந்தத் தாள் முழுக்க எழுதுவேன்.

போட்டோவைக் கழற்றியது நான்தான். பெரியத்தை பேச்சைக் கேட்ட பிறகு அதை மாட்டி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. நீ அதைப் பார்த்தால் என் மேல் இன்னும் வெறுப்பாவாய் என்று நினைத்தேன். அது பீரோவில் என் கூறைச்சேலைக்கு அடியில் இருக்கிறது. யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். உன் அண்ணனுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். நீ மட்டும்தான் அழுதாய் என்று நினைக்காதே. பெற்றவள் அழலாம், மாமன்காரன் அழலாம். பெறாத அத்தைக்காரி அழுதால், பார், குற்றம் உறுத்துகிறது என்பார்கள். அதனால் நான் ஊட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

லோகுவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்த லீவில் தினமும் சாயந்தரம் உன் அண்ணன் வண்டியில் பவுண்டரிக்கு வந்துவிடுவாள். மோல்டிங் மணலைக் கையில் அள்ளி அமுக்கி இட்லி இட்லியாகச் செய்து வரிசையாக வைப்பாள். மயில்சாமியைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அவனுக்கு மட்டும் விற்பாள். உன் கை அவளுக்கும் இருந்தது.

இனி உன் சிலை சமாசாரம். உன் கடிதம் வந்த அன்றைக்கே மயில்சாமியைக் கூப்பிட்டு, அடைத்த பட்டியை எல்லாம் எடுக்க வேண்டும் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்கம்மா, நல்லா இருக்கறதப் போயி யாராச்சும் கெடுப்பாங்களா?" என்றான். தின்னர் ஊற்றிப் பெயிண்ட்டைக் கழற்ற ஒத்துக்கொண்டான். பட்டியில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டான். சரி என்று நானே சின்ன உளியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் மத்தியானம் முழுக்க அதே வேலை. ஒவ்வொரு குழியாகத் தட்டி எடுத்தேன். இரண்டாம் நாள் என்ன நினைத்தானோ, மயில்சாமியும் வந்து அந்தப் பக்கத்துக் கன்னத்தில் உட்கார்ந்தான். காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை போகவே இல்லை. அதற்கு என்னைத் திட்டிக்கொள்.

இன்றைக்கு லாரி ஏறியாகிவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி உன் கைக்கு வரும். போட்டோவையும் சுவரில் மாட்டிவிட்டேன். உன் அண்ணன் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். "ஆணி ஆடுது, வேற அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியல் எடுக்கப் போனார்.

முத்தாத்தாள்


சென்னை,
11-4-1996

நங்கைக்கு,

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. நியோபியை வாசலில், வெயிலும் பனியும் படுகிற இடத்தில் வைத்தேன். மழை இல்லை, அதனால் தினமும் நானே தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் துரு இறங்க ஆரம்பித்தது. உங்கள் உளி பட்ட இடங்களில் நான் குத்தினதைவிடக் குழி ஆழமாகியிருக்கிறது. அங்கேதான் முதலில் இறங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ரித்திகா தினமும் என்னோடு வந்து சிலைக்குக் கீழே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். கடைசி நாள் மடியில் இருக்கிற பெண்ணைக் காட்டி, "இந்தப் பாப்பாவுக்கு மூச்சு முட்டாதாம்மா?" என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நியோபி அப்படிப் பிடித்தும் பிள்ளை தங்கவில்லை. அதை நான் உங்களுக்கு என் கையாலேயே எழுதியும் இருக்கிறேன்.

இருபதாம் தேதி பள்ளிக்கூடம் விடுகிறார்கள். இந்த லீவுக்கு ரித்திகாவை உங்களிடம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். நான் வரவில்லை. நான் வந்தால் அவளை விடமாட்டேன். அவள் அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார். ஒரு மாதம் அவள் உங்களோடு இருக்கட்டும்.

பத்மா


கோயமுத்தூர்,
16-4-1996

கண்ணு பத்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சந்தோஷம் என்று நினைக்காதே. பயம்.

வேண்டாம் கண்ணு. நீ வா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. பத்து நாள் இரு, ஒரு மாசம் இரு, தலைமேல் வைத்துத் தாங்குகிறேன். ஆனால் பிள்ளையைத் தனியாக என்னிடம் விடாதே. என் கண் பட்டதா என்று உன்னைக் கேட்டேனே, நீ இல்லை என்று எழுதிவிட்டாய். என்னை நானே கேட்டால் எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை என்று வரவில்லை. ஐந்து வருசம் ஊர் சொன்னால் கல்லுக்கும் நம்பிக்கை வந்துவிடும். யார் ஊட்டுப் பிள்ளையையும் நான் இப்போது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊட்டு மெஹராஜ் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூட நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அவளுக்கும் இப்போது ஆறு வயசு. லோகுவுக்கு என்ன வயசோ அதே வயசு. யோசித்துப் பார்.

நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம். காப்பிக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

முத்தாத்தாள்


சென்னை,
20-4-1996

நங்கைக்கு,

காப்பிக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன்.

இருபத்தேழாம் தேதி சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவளுக்குத் தயிர் பிடிக்காது. இருட்டில் விளக்கு எரிய வேண்டும். தலை வார உட்கார மாட்டாள், கதை சொன்னால் உட்காருவாள்.

நன்றாகப் பாருங்கள் அவளை. கண் நிறையப் பாருங்கள்.

பத்மா


கோயமுத்தூர்,
9-5-1996

கண்ணு பத்மாவுக்கு,

சொல்ல வேண்டியதை எல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரயில் வந்து இறங்கின அன்று வாசலில் ஆலாத்தி எடுக்க மெஹராஜைத்தான் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன். நாலு பெற்றவள், அவள் கை எடுத்தால் நல்லது என்று. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கவே இல்லை. "நங்கைதான் எடுக்கோணும்னு பத்மா சொல்லி அனுப்பிச்சிருக்காங்க" என்றார். மெஹராஜ் தட்டை என் கையில் திணித்தாள். பாதி ஆலாத்தித் தண்ணீர் என் சேலையில்தான் கொட்டியது. உன் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. எல்லா இடத்திலும் எலக்சன் மைக் சத்தம், அவள் அதைக் கேட்டுக் கேட்டு ஊட்டுக்குள் ஓட்டுக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். நான் முதலில் அவள் தலையைத்தான் பார்ப்பேன், காலைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். ஐந்தாம் நாள் அவளே என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அத்தே, பேசறப்ப இங்க பாருங்க" என்றாள். அப்புறம் பார்த்தேன்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை உடம்பு சுட்டது. உன் அண்ணன் காரில் டாக்டரிடம் கொண்டு போனோம். தொண்டையில் சளி கட்டியிருக்கிறது, குச்சி ஐஸ் தின்றிருப்பாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். தின்றது வாஸ்தவம், வாங்கிக் கொடுத்தது உன் அண்ணன். ஊட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் போட்டேன். காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு இருக்கிறது, கழுத்து வலிக்கிறதா என்று கேட்டாய். வலிக்கவில்லை என்றேன். இன்றைக்கே ரயில் ஏறு, வந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"நீங்க இருக்கீங்கல்லங்க நங்கை. நான் எதுக்கு வாரது?" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய்.

அங்கே நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? போனைப் பிடித்த கையை எடுத்திருக்கவே மாட்டாய்.

அப்புறம் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். குழாயைத் திறந்துவிடாமல், வாயைப் பொத்தாமல், ஊட்டுக்கே கேட்கிற மாதிரி அழுதேன். உன் அண்ணன் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முன்ரூமிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லைங்க, தூங்கறா. எனக்குத்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டது. இரண்டு இட்லி தின்றாள். மூன்றாவதை மயில்சாமிக்கு விற்கப் போவதாகச் சொல்லி மடியில் கட்டிக்கொண்டாள். லோகு கதையை நான்தான் தலை வாரும்போது அவளுக்குச் சொன்னேன்.

முத்தாத்தாள்